சோதிக்காமல் மாட்டிய குண்டு

போர் விமானங்களில் புதிய குண்டுகளைப் பொருத்தும் பொறியாளர் குழுவுக்கு நான் தலைவனாக இருந்தேன். ஒரு குண்டைப் பொருத்திச் சோதித்து முடிக்க வருடக்கணக்காகும், செலவும் அதிகம். இரண்டையும் குறைத்துக் காட்டுகிறேன் என்று மேலதிகாரிகளிடம் சொல்லியிருந்தேன்.

புதிய குண்டு பழையதன் எடைதான்; வால் துடுப்பு மட்டும் வேறு. அதனால் குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாகச் செய்ய வேண்டிய சோதனைகளை விட்டுவிட்டு, நேராக முழு வேகத்தில் போடச் சொன்னேன். விமானி விழிதியூர்க்காரர், எனக்குப் பக்கத்து ஊரான கோவில்பத்து.

"படிப்படியா போவலாமேண்ணே?" என்று கேட்டார்.

"நம்ம ஊர்க்காரன் சொல்றேன், நம்ப மாட்டீங்களா தம்பி?" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

கழன்ற, வெடிமருந்து நிரப்பாத சோதனைக் குண்டு கீழே விழாமல் மேலெழும்பி விமானத்தின் வாலை உடைத்தது. அவர் குதித்து உயிர் தப்பினார். முதுகெலும்பு முறிந்ததால் பிறகு பறக்கவே முடியவில்லை. அவர் என்னிடம் கேட்டதை விசாரணையில் நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

போன மாதம் ஊன்றுகோலுடன் என் வீட்டுக்கு வந்தார். வயலுக்கு மருந்தடிக்க ட்ரோன் வாங்கியிருக்கிறாராம்.

"இதுல பெரிய டேங்க் மாட்டலாமாண்ணே? பாத்துச் சொல்லுங்க."

"என்னையா கேக்குறீங்க? அன்னிக்கு நான்..." என்று இழுத்தேன்.

"தெரியும்ண்ணே. இதுல யாரும் ஏறப்போறதில்ல, தைரியமா சொல்லுங்க" என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. "முதல்ல கொஞ்சமா தண்ணி ஊத்திப் பறக்க விடுவோம் தம்பி. அப்புறம் மெல்ல மெல்லக் கூட்டுவோம்" என்றேன்.

அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதும் இவ்வளவுதான்.