வாசல் சோதனை

யுத்தம் முடிந்த கையோடு அடையாற்றில் கல்லூரி ஆரம்பித்தவர் சிந்தாதிரிப்பேட்டை சோப்புக் கம்பெனி முதலாளி. நான் அங்கே சரித்திரம் நடத்தினேன். கம்பெனியில் வேலை முடிந்து போகிறவர்களை வாசலில் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள், சோப்பு திருடுவார்களாம். அங்கிருந்தே ஒரு காவல்காரரை, அதே வழக்கத்தோடு, முதலாளி கல்லூரிக்கும் அனுப்பிவிட்டார். சாயங்காலம் சங்கு ஊதியதும் பிரின்சிபால் முதல் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். கோட்டும் தலைப்பாகையுமாகப் பிரின்சிபால் நிற்கும் அழகைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். என் முறை வந்தால் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு மயிலாப்பூரில் முதலாளியின் வீட்டுக்கே போய்க் கத்தினேன்.

"இத்தனை நாளில் ஒரு சாக்பீஸாவது பிடிபட்டுதா சார்? எங்களை என்ன திருடங்கன்னு நெனச்சீங்களா?"

முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது.

"ஒண்ணுமே மாட்டலியா?" என்றார். "கம்பெனில தெனம் எவனாச்சும் மாட்டுவான். சரக்கு நல்லா கீதுன்னு எனக்கு அதான் சர்ட்டிபிகேட்டு. காலேஜ்ல ஒருத்தனும் ஒண்ணும் எடுத்துக்கினு போவலன்னா, உள்ள இன்னாதான் வாத்தியாரே பண்றீங்க?"