கேட்டில் உட்கார்ந்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. நான் அவருடைய தங்கை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ராயபுரத்தில். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த அப்பா, நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். படிப்பு முடிந்ததும் எங்கள் இருவரையும் எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சேர்த்துவிட்டவர் சித்தப்பா. அவர் அங்கே சூப்பர்வைசர். அதை நான் மறைக்கவில்லை.

"பெரியவளுக்கு வாய் ஜாஸ்தி, உள்ள குந்தட்டும். சின்னது சாது, கேட்ல இருக்கட்டும்" என்று அவரே இடம் பிரித்தார். கேட் ஜன்னலில் உட்கார்ந்து, வண்டிகளைப் பதிந்து உள்ளே விட வேண்டும். டிரைவர்கள் ஜன்னலைத் தட்டிக் கத்தினால், எழுதியதையே அடித்துவிட்டு மறுபடி எழுதுவேன். டிரெய்லர்கள் ரோடு வரைக்கும் நிற்கும். உள்ளே ஃபைல் அறையில், பேச ஆளில்லாமல் அக்காவுக்குத் தினமும் தலைவலி. ஒரு நாள் மதியம் வந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார்.

"நீ உள்ள போ. இவங்கள நான் பாத்துக்கறேன்."

சாயங்காலத்துக்குள் வரிசை காலி. அவர் டிரைவர்களைத் திட்டுவார், அவர்களும் திட்டுவார்கள், போகும்போது டீ சொல்லிவிட்டுப் போவார்கள். தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தாலும் அக்காவின் முகம் தெளிவாக இருக்கும். எனக்கோ ஃபைல் அறையின் அமைதி பிடித்துப்போனது.

சித்தப்பாவும் அதை அப்படியே விட்டுவிட்டார். அக்காவை அவருக்குச் சமமாக ஷிப்ட் இன்சார்ஜ் ஆக்கலாம் என்று மேனேஜர் சொன்ன பிறகுதான், நாங்கள் இடம் மாறியது அவருக்குக் குற்றமாகப் பட்டது. கண்ட டிரைவரோடு சிரித்துப் பேசுகிற பெண், குடும்ப மானம் போகிறது என்று மேனேஜரிடம் அவரே போய்ச் சொன்னார். அன்றே அக்காவை வெளியே அனுப்பினார்கள். நானும் வந்துவிடுகிறேன் என்றேன்.

"நீ வராத. உனுக்கு அந்த ரூமுதான் செட்டாவுது" என்றார் அக்கா.

எதிர் யார்டில் கேட் வேலைக்குச் சேர்ந்த அக்கா, சில வருடங்களில் அந்த கேட்டுக்கே பொறுப்பாளர் ஆனார். ஒரு நாள் சித்தப்பா தம் மகனுக்கு வேலை கேட்டு அங்கே வந்தார். காத்திருந்த டிரைவர்களைத் தாண்டி நேராக ஜன்னலுக்குப் போனார்.

"லைன்ல வா சித்தப்பா. இவங்கல்லாம் காத்தாலேர்ந்து நிக்கிறாங்க."

வெயிலில் நின்றார். முறை வந்ததும் அக்கா விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, அவர் மகனுக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, "பாவம், சட்ட நனைஞ்சி பூட்ச்சி" என்று சிரித்தார். அக்காவின் கோபம் அதோடு தீர்ந்தது. வாய் விட்டுக் கத்துகிறவர்கள் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள். என்னைப் போன்றவர்கள் மறப்பதில்லை.

நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அக்கா கேட்டது, "கேட்ல யாரு கீறாங்க?" என்றுதான்.

காரியத்தன்று சித்தப்பா எல்லோர் முன்னாலும், "அவள ஆளாக்கனதே நான்தான்" என்றார். இந்த மலரில் நன்றி சொல்லும்போது தம் பெயர் முதலில் வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் முறை வைத்து உடனிருந்த பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு நன்றி. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அறுவை சிகிச்சைக்கு ரத்தம் கொடுக்க வந்த டிரைவர்களுக்கு நன்றி. கடைசி வரை டீயில் சர்க்கரை குறைத்துப் போட்ட டீக்கடை பாய்க்கு நன்றி. பாடைக்குத் தோள் கொடுத்த சித்தப்பா மகனுக்கு நன்றி.

வரிசை முடிந்தது. இப்போது உங்கள் முறை, சித்தப்பா. ஜன்னலில் அக்கா இருந்திருந்தால் உங்களுக்கும் ஒரு நன்றி கொடுத்திருப்பார். இருப்பது நான்.