ஒப்பாரி கேசட்

என் வூட்டுக்காரர் அய்யம்பெருமாள் ஆண்டிமடத்துல மைக் செட்டு வாடகைக்கு விடுறவர். கல்யாணம், காதுகுத்து, சாவு, எங்க ஸ்பீக்கர் குழாய் கட்டினாலும் கேசட்டுல ரெக்கார்டு பண்ணி எடுத்துட்டு வந்துடுவார். துணி வைக்க எனக்கு ஒரு பீரோ இல்ல, கேசட்டுக்கு ரெண்டு பீரோ. இத்தனை வருசமா அந்தக் கண்றாவியைத் தூசி தட்டினது நான்.

போன வருசம் ஒரு வயரை வாங்கிட்டு வந்து, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி யூடியூப்ல போட ஆரம்பிச்சார். மனுசன் எதைச் செஞ்சாலும் சுத்தமாத்தான் செய்வார். ஊரு, தேதி, செத்தவங்க பேரு, அழுதவங்க பேரு, ஒண்ணு விடாம எழுதிட்டார். அதுதான் வினையாப் போச்சு.

எங்க பக்கம் ஒப்பாரியில யாரை வேணாலும் திட்டலாம். பொணத்தை எடுத்துட்டுத் தலை முழுகினா பேச்சு அதோட போச்சு, யாரும் மனசுல வைக்கக் கூடாது. தொண்ணூத்தாறுல சம்பூர்ணம் தன் அம்மாவுக்கு அழுதப்ப, மூணு நாளாக் கஞ்சி ஊத்தாமக் கொன்னுட்டாளேன்னு அண்ணி மலர்கொடியை மைக்குலயே பாடினா. பாடினது அந்த மலர்கொடி கழுத்தைக் கட்டிக்கிட்டு. அவளும் சேந்துதான் அழுதா.

இப்ப சம்பூர்ணம் மக லாவண்யாவுக்கும் மலர்கொடி மகனுக்கும் நிச்சயம் முடிஞ்சு, கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கு. அந்த நேரம் பாத்து ஊரே செல்போன்ல கஞ்சிக் கதையைக் கேக்குது. சம்பூர்ணம் ஓடி வந்தா.

"அண்ணே, அழிச்சுடுங்க. எம்மவ கல்யாணம் நின்னுடும்."

அன்னைக்கி இவரை நான் திட்டின திட்டுக்கு ஒரு கேசட்டு பத்தாது.

அவர் அழிக்கப் போறப்ப மலர்கொடியே வாசல்ல வந்து நின்னா. "அழிக்கறதுக்கு முன்னாடி போடுங்கண்ணே. முழுசாக் கேக்கணும்."

போட்டார். பன்னெண்டு நிமிசம் ஓடுச்சு. சம்பூர்ணம் தலையைத் தூக்கவே இல்ல. முடிஞ்சதும், "துக்கத்துல வாயில வந்தது அண்ணி, மன்னிச்சுடுங்க"ன்னா.

"நெசந்தானே அது," அப்படின்னா மலர்கொடி. "எனக்கு அப்ப எட்டு மாசம், குனிய முடியாது. கஞ்சி ஊத்தினா படுக்கையிலயே போயிடும், நான்தான் அள்ளணும். அதான் ஊத்தல. இத்தனை வருசத்துல நெசமான்னு ஒருத்தரும் என்னைக் கேக்கல. நேத்து எம்மவன் கேட்டான். ஆமான்னுட்டேன்."

எனக்கு அவளைத் திட்டவும் வாய் வரல, பாவம்னு சொல்லவும் வாய் வரல.

மலர்கொடி முந்தானையைச் சொருகிக்கிட்டா. "அழிக்க வேணாம்ணே. தாலி கட்டுறதுக்குள்ள லாவண்யாவும் ஒரு தடவை கேட்டுடட்டும். நாளைக்கி நான் படுத்தா அவதான் பாக்கணும்."