முட்டையாகிப் போன கடிகாரம்

ஸ்டுடியோவின் பின்னறையில் பழைய கேசட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றித் தரும் அந்த அம்மையாருக்கு, கடையை நடத்தும் அவருடைய கொழுந்தன் வைத்த பட்டப்பெயர் ‘நாலுக்கு மூணு’. பழைய படங்களின் அகலம் நான்கு பங்கென்றால் உயரம் மூன்று பங்கு. இன்றைய தொலைக்காட்சியோ பதினாறுக்கு ஒன்பது. ஆகவே பழைய படம் திரையின் நடுவில் நிற்க, இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அந்தப் பட்டைதான் அவருக்கு அன்றாடத் தலைவலி.

“இவ்வளவு பெரிய டிவி வாங்கியிருக்கேன். ரெண்டு பக்கமும் இருட்டடிச்சுக் கிடக்குதே” என்பார் வந்தவர்.

“இழுத்து நிரப்பலாம். உங்க வீட்டம்மா பூசணிக்காய் மாதிரி தெரிவாங்க, பரவாயில்லையா?”

“அவ இப்பவே அப்படித்தான்.”

முன்னறையிலிருந்து கொழுந்தனின் குரல் வரும். “அண்ணி, கேட்டதைக் குடுத்து அனுப்புங்களேன். அவங்க படம், அவங்க டிவி. நமக்கு எதுக்கு வம்பு?”

ஒரே வாதத்தைப் பல ஆண்டுகளாகப் பேசி அம்மையாருக்கு வாய் ஓய்ந்துவிட்டது. மேலும் கீழும் வெட்டி நிரப்பச் சொல்வோரும் உண்டு. வெட்டினால் நெட்டையான மாப்பிள்ளைகளுக்குத் தலை போய்விடும். அதையும் ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டும்.

அவரிடம் ஒரு முறை உண்டு. எந்தக் கேசட்டை எடுத்தாலும் முதலில் அதில் ஒரு வட்டத்தைத் தேடுவார். தட்டு, சைக்கிள் சக்கரம், சுவர்க் கடிகாரம், ஏதேனும் ஒன்று. அது வட்டமாகத் தெரிந்தால்தான் அளவு சரி. முகங்களை நம்பமாட்டார். ஒல்லியும் பருமனும் மனிதருக்கு இயல்பு, கடிகாரத்துக்கு அல்ல.

ஒரு முற்பகலில் மருத்துவமனைச் சீருடையோடு ஒரு நர்ஸ் வந்தார். தம் குடும்பத்தின் இரண்டு கேசட்டுகளை முந்தைய மாதம் மாற்றி வாங்கிப் போனவர். ஒன்று அவருடைய தம்பியின் திருமணம். மற்றொன்று, பின்னொரு காலத்தில் புதுவீட்டில் நடந்த விருந்து. அந்த விருந்து நடந்த ஆண்டு முடிவதற்குள் அவருடைய தந்தை வயிற்றில் கட்டி வந்து இறந்துபோனார்.

“விருந்து வீடியோவுல அப்பாவை மட்டும் பெருசாக்கி ஒரு போட்டோ எடுத்துக் குடுக்க முடியுமாக்கா? எங்க டாக்டர்கிட்ட காட்டணும்.”

“டாக்டருக்கு எதுக்கும்மா?”

“அப்பவே நோய் இருந்திருக்குமான்னு கேட்கத்தான். தம்பி இதைப் பார்த்துட்டு, ‘நீ நர்ஸ்தானே, அப்பா குச்சியா நிக்கிறாரே, உன் கண்ணுக்குத் தெரியலையா’ன்னான். அதோட எங்களுக்குள்ள பேச்சு நின்னுபோச்சு. என்ன பதில் சொல்றது? வாராவாரம் நான் பார்த்த மனுஷன்.”

அம்மையார் கோப்பைத் திறந்தார். கதவருகில் தந்தை நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் கடிகாரம், நிமிர்த்தி வைத்த முட்டையைப் போல இருந்தது.

நடந்தது இதுதான். இரண்டு கேசட்டுகளிலும் பதிவாகியிருந்தவை அகலத்தில் எழுநூற்று இருபது, உயரத்தில் ஐந்நூற்று எழுபத்தாறு புள்ளிகளே. ஆனால் விருந்தின்போது யாரோ கேமராவின் அகலப்படப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். அப்படி எடுத்தால் அகலமான காட்சி அதே புள்ளிகளுக்குள் நெருக்கி அடைக்கப்படும். மாற்றும்போது அதை ஆயிரத்து இருபத்து நான்கு புள்ளி அகலத்துக்கு விரித்துவிட வேண்டும். ஒரே வீட்டுக் கேசட்டுகள்தாமே என்று, திருமணத்துக்குக் கொடுத்த எழுநூற்று அறுபத்தெட்டுப் புள்ளி அகலத்தையே விருந்துக்கும் கொடுத்துவிட்டார் அம்மையார். அன்று அவருக்குக் கண் எரிந்தது. வட்டத்தைத் தேடவில்லை.

கொழுந்தனும் எட்டிப் பார்த்துப் புரிந்துகொண்டார். காதருகே குனிந்தார்.

“சத்தமில்லாம புதுசா ஒன்னு போட்டுக் குடுத்துடுங்க அண்ணி.”

“அவங்க வீட்டுல பேச்சே நின்னுபோச்சுங்கறாங்க. சத்தமில்லாம எப்படிக் குடுக்கறது?”

பிறகு நர்ஸின் பக்கம் திரும்பினார். “இந்தக் கடிகாரம் இன்னும் வீட்டுல இருக்காம்மா?”

“இருக்கே.”

“என்ன வடிவம்?”

“வட்டம்…” நர்ஸ் திரையைப் பார்த்தார்.

“அளவைத் தப்பாக் குடுத்தது நான். அதுல இருக்கிற எல்லாருமே கால் பங்கு ஒடுங்கியிருக்காங்க. நீங்களும்தான்.”

“நான் அப்ப ஒல்லியா இருந்தேன்னுல்ல நினைச்சேன்” என்றார் நர்ஸ்.

அம்மையார் அளவை மாற்றினார். கடிகாரம் வட்டமாயிற்று. கதவு அகன்றது, தந்தையின் தோள்களும் அகன்றன.

“அப்ப அப்பா இளைக்கவே இல்லையா?”

“அது எனக்குத் தெரியாதும்மா. கால் பங்கு என்னோட தப்பு. மிச்சத்தை நீங்கதான் பார்த்துச் சொல்லணும்.”

நர்ஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு, நோயாளியைப் பார்க்கும் கண்ணோடு பார்த்தார். தந்தை நடந்தார், யாரிடமோ தண்ணீர் வாங்கிக் குடித்தார், சிரித்தார்.

“கழுத்துகிட்ட கொஞ்சம் வத்தியிருக்கு. ஆனா இந்தக் கொஞ்சம் யார் கண்ணுக்கும் தெரியாது. தம்பியும் அன்னிக்கு முழுக்கப் பக்கத்துலதான் இருந்தான்.” தம்பியின் எண்ணை அழுத்திக் கைப்பேசியை நீட்டினார். “நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்கக்கா. நான் சொன்னா சாக்குன்னு நினைப்பான்.”

அம்மையார் கடிகாரத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

“அக்கா பக்கத்துல இருக்காங்களா?” என்று மட்டும் கேட்டது மறுமுனைக் குரல்.

நர்ஸ் கைப்பேசியை வாங்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கிப் போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவர் முதுகு மட்டும் தெரிந்தது.

“திட்டினானா?” என்றார் கொழுந்தன்.

“இல்லை.”

“தப்பிச்சோம். அடுத்த கேசட்டைப் போடலாமா?”

“போன மாசம் மாத்தினது எல்லாத்தையும் முதல்ல பார்க்கணும்.”

“எல்லாத்தையுமா? இன்னிக்குக் கடை விளங்கினாப்பலதான்.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றி, இமைகளை அழுத்தித் துடைத்து, மீண்டும் மாட்டிக்கொண்டார். முதல் கோப்பில் யாரோ ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுச் சுவரில் கடிகாரம் இல்லை. தட்டோ சக்கரமோ கண்ணில் படவில்லை. வட்டமாக ஏதாவது வரும்வரை ஓடட்டும் என்று, கன்னத்தில் கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.