மத்தியானத் தூக்கத்துக்குக் காவல்

நான்தான் பொய் சொன்னேன். சாமியார் உள்ளே படுத்திருக்கும்போதே, வெளியே போயிருக்கிறார் என்றேன். சாகக் கிடந்த ஒரு மனிதன், சாமியார் கையால் சாகுமுன் எண்ணெய் பூசும் அவஸ்தை பூசுதல் பெறாமலே போய்விட்டான்...

எங்கள் பங்குச் சாமியார் வீட்டில் சமைப்பவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனால் என்னைத் தாண்டி ஒரு ஈ உள்ளே போகாது! அதில் எனக்கு எவ்வளவு கர்வம், தெரியுமா உங்களுக்கு?

பகல் சாப்பாடு முடிந்ததும் சாமியார் செல்போனை என் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கப் போவார். நாலு மணிக்குக் காப்பியோடுதான் கதவைத் தட்ட வேண்டும். இந்த ஊரில் கடைக்காரனே மத்தியானம் கதவைச் சாத்துகிறான், சாமியார் சாத்தக் கூடாதா என்று நானே பலரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

அன்று அந்தோணியம்மாள் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருவில் விற்பவள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு மூச்சு இழுக்குது. சாமியார எழுப்புக்கா!"

"அவரு வெளிய போயிருக்காரு. நாலு மணிக்கு மேல வா."

"செருப்பு இங்கதான கெடக்குது?"

"ஏன், அவருக்கு ஒரு ஜோடிதானா? என்னையே கேள்வி கேக்குறியா நீ?"

அவள் போய்விட்டாள். மீன் வாடை போகட்டும் என்று படியைக் கழுவிவிட்டேன்... அதையும் சொல்லிவிடுகிறேன்!

நாலு மணிக்கு முன்பே சாவுச் செய்தி போனில் வந்துவிட்டது. காப்பியைக் கொண்டுபோய் வைத்து, நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று நின்றேன். அவர் ஏசவில்லை.

"நான் முழிச்சுக்கிட்டுதாம்மா இருந்தேன். அந்தம்மா குரல் கேட்டுச்சு. நீங்கதான் பேசி அனுப்பிட்டீங்களேன்னு படுத்துட்டேன்."

காப்பியில் சர்க்கரை குறைவு என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம்! நான் கூலிக்குச் சமைப்பவள். பங்கு மக்களாகிய ஆடுகளுக்குப் பொறுப்பு நான் என்று பீடத்தின் முன் வாக்குக் கொடுத்தவர் அவரல்லவா? ஆனால் பாதிப் பாவத்தை அவர் தலையில் ஏற்றினாலும் என் பாதி குறையவில்லையே...

அடக்கப் பூசையில் நல்ல மேய்ப்பனைப் பற்றியே பிரசங்கம் வைத்தார். கோயிலே அழுதது. நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு மாற்றலாகிப் போனார். பொன்னாடை போர்த்தி அனுப்பினோம்.

கல்லறைத் திருநாளில் அந்தோணியம்மாள் கணவன் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"அன்னிக்கு நான் வந்தது சாமியாருக்குத் தெரியுமாக்கா?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது...

"தெரியாது" என்றேன்.

"அதான! தெரிஞ்சிருந்தா அந்த மனுசன் ஓடியாந்திருப்பாரு." சிலுவை போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு மிச்சமிருப்பது அந்த நம்பிக்கை ஒன்றுதான். அதையும் நான் பிடுங்கவா? பிடுங்காமல் விட்டால், நான் செத்தும் இந்தப் பொய் சாகாதே! நீங்களாவது சொல்லுங்கள்...

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். முழந்தாளிடுகிறேன். மன்னிக்க அங்கே உட்கார்ந்திருப்பவரும் ஒரு சாமியார்தானே... வாய் வரவில்லை. எழுந்து வந்துவிடுகிறேன்.