சுண்டலும் பகா எண்ணும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் பிற்பகுதியில் நான் கல்லூரியில் கணித விரிவுரையாளன். மயிலாப்பூரில் ஒரு வாசகசாலை முற்றத்தில் வெள்ளிதோறும் மாலை கதாகாலட்சேபம் நடக்கும். பாகவதர் வெளியூர் போன ஒரு வெள்ளியைக் கெஞ்சி வாங்கினேன். கணிதத்தில் அன்று நடந்துகொண்டிருந்த ஆராய்ச்சியைத் தமிழில் எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம். செயலாளர் ஒரே நிபந்தனை போட்டார்: பாதிப் பேராவது கடைசிவரை உட்கார வேண்டும், இல்லையென்றால் இனி அங்கே கணக்குக்கு இடமில்லை.

சுண்டல் எப்போதும் முடிவில்தான். நான் முதலிலேயே கொடுக்கச் சொன்னேன்.

“கைக்கு சுண்டல் வந்துட்டா ஒருத்தரும் இருக்கமாட்டா, ஓய்!” என்றார் செயலாளர்.

எண்ணினேன், அறுபத்து மூன்று பேர். தொன்னை வந்ததும் எட்டுப் பேர் எழுந்து போனார்கள். நான் அவசரமாகத் தொடங்கினேன்.

“கடலையை எண்ணுங்கள். ஒற்றைப்படையானால் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். மிச்சத்தை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். எந்தக் குவியலையும் இரண்டு வரிசை, மூன்று வரிசை என்று சமமாக அடுக்க வரக்கூடாது. ஒற்றைக் கடலை குவியல் ஆகாது. அப்படி அடங்காத எண்தான் பகா எண்.”

சாந்தோம் பக்கத்துக் குப்பத்து மீன்காரம்மாவுக்கு இருபத்தெட்டுக் கடலை. “கூறு கட்டத் தெரியாதா எனுக்கு? தோ, ஒம்பது, பத்தொம்பது.”

பக்கத்திலிருந்த பென்ஷன்காரர், “ஒன்பது மூணு மூணா நின்னுடுமே அம்மா” என்றார்.

இரண்டு கடலையை மாற்றி வைத்தாள். “பதினொண்ணு, பதினேழு. எம்மாம் பெரிய நம்பரா இருந்தாலும் இப்டி ரெண்டு கூறு ஆவுமா வாத்தியாரே?”

“தெரியாது. உலகத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது.”

“உனுக்கே தெரியாதா? அப்ப இன்னாத்துக்குப்பா எங்கள குந்த வெச்சே?”

ஒரே சிரிப்பு. இன்னும் இருவர் எழுந்தார்கள். எழுதிக்கொண்டு போன பதினான்கு பக்கங்களையும் மடித்துப் பையில் வைத்தேன். மிகப் பெரிய ஒற்றைப்படை எண்கள் எல்லாம் இப்படி மூன்று கூறாகும் என்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்தான் அயல்நாட்டில் ஒருவர் நிறுவினார்; இரட்டைப்படை எண்ணை இரண்டே கூறாக்கும் கேள்விதான் அப்படியே நிற்கிறது என்றேன்.

“மூணு கூறு வரிக்கும் வந்துட்டானா? அப்ப ரெண்டும் வரும்” என்றவள், பென்ஷன்காரரின் தொன்னையைப் பிடுங்கித் தன் கடலையோடு கொட்டினாள். “இத்தப் பாக்கலாம் இப்ப.”

முற்றம் முழுக்கத் தொன்னைகள் ஒன்றாகக் கவிழ்ந்தன. சண்டை வேறு. முடிக்க வேண்டிய ஏழரை மணிக்கு எண்ணினேன். ஐம்பத்து மூன்று பேர் தரையில் குனிந்திருந்தார்கள்.

செயலாளர் சாவிக்கொத்தோடு வந்தார். “விளக்க அணைக்கணும், ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டேங்கறாளே! அடுத்த வெள்ளி பாகவதர் வந்துடுவார். நீர் செவ்வாய்க்கிழமை வாரும்.”