சாம்பிள் படி

கோட்டை என்றால் எல்லோரும் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள். என் தங்கை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் இருப்பது ஒரு கோட்டையின் பின்புறம். புகை போக ஐந்து துளைகள், ஒரு குட்டைக் கதவு, துணி உலர்த்தக் கொடி கட்டும் கொக்கிகள், கதவுக்குக் கீழே மூன்று படிகள். நடுப்படியில் தங்கை உட்கார்ந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறாள். படம் எடுத்தவர் அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை. ஓரத்தில் அவருடைய கட்டைவிரலும் கொஞ்சம் விழுந்திருக்கிறது. அவர் போய் ஆறு வருஷமாகிறது. விரலை எடுத்துவிட்டுப் பெரிதாக்கித் தருகிறேன் என்று ஸ்டுடியோக்காரர் சொன்னபோது, தங்கை படத்தை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன ஃபைபர் பட்டறை இருந்தது. தண்ணீர்த் தொட்டி, பேருந்து நிலைய நாற்காலி, பூங்காவுக்குச் சறுக்கு மரம் எல்லாம் செய்வார். நான் அதே சிப்காட்டில் வேறொரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். சாயங்காலங்களில் அவருக்குப் படம் வரைந்து கொடுப்பேன். கூலி, தங்கை கையால் ஒரு டீ. எங்கள் பக்கத்தில் வாடிக்கையாளர் ஒரு பொருளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, இதே மாதிரி வேண்டும் என்பார். நான் அளவெடுத்து வரைந்து, தாளின் வலது மூலையில் ‘சாம்பிள் படி’ என்று எழுதுவேன். அந்த இரண்டு வார்த்தைக்கு மதிப்பு அதிகம். நூல் பிசகாமல் செய்தோம் என்று அர்த்தம். சாம்பிளை முதலில் செய்தவர் யார் என்று யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.

கொல்கத்தா நெடுஞ்சாலை ஓரம் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா வந்தது. அதன் முதலாளி, கம்ப்யூட்டர் சண்டை விளையாட்டு ஒன்றில் வரும் கோட்டையை அப்படியே கட்டித் தரச் சொன்னார். இந்தச் சாம்பிளை மேசைமேல் வைக்க முடியாது. மாப்பிள்ளை பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தார். சண்டையே போடமாட்டார். தன் சிப்பாயைக் கோட்டைச் சுவரோரமாக நடக்கவிட்டு, சுவர் எத்தனை சிப்பாய் நீளம், வாசல் எத்தனை சிப்பாய் உயரம் என்று நோட்டில் குறிப்பார். சிப்பாயின் உயரத்தை ஐந்தரை அடி என்று வைத்துக்கொண்டார், அது அவருடைய உயரம். “அளவு எடுக்கிறதுக்குள்ள சாவடிச்சிடறானுங்க மச்சான்,” என்று நொந்துபோய் வருவார். வாசல் ஒன்றுக்கே முப்பது தடவையாவது செத்திருப்பார்.

ஒருநாள் முகம் வாடி வந்தார். கோட்டையின் பின்பக்கம் போக முடியவில்லையாம். விளையாடுகிறவர்கள் அங்கே போகத் தேவையில்லாததால், விளையாட்டைச் செய்தவர்கள் அங்கே எதையும் வரையவில்லை. “பின்னாடி ஒண்ணுமே இல்ல மச்சான். ஆளு காத்துல முட்டிக்கினு நிக்கிறான்.” மொட்டைச் சுவராக விட்டுவிடலாம் என்றேன். முதலாளியும் அதையேதான் சொன்னார். மாப்பிள்ளை கேட்கவில்லை. “ஊடுன்னா பின்னாடி வோணாவா? அத்தினி பேருக்கு சோறாக்குனா பொகை எங்க போவும்? ராணி துணிய எங்க காயப் போடுவா?”

அவர் சொல்லச் சொல்ல வரைந்தேன். படிகளுக்கு வந்தபோது மேல் இரண்டும் ஏழு அங்குலம், கீழ்ப்படி மட்டும் மூன்று என்றார். தப்பாகச் சொல்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். “ராணிக்குக் கால் செரியில்ல மச்சான்,” என்றார். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் என் தங்கைக்கு இடது கால் குட்டை. எங்கே படி ஏறினாலும் முதல் அடிக்கு யாராவது கை கொடுக்கவேண்டும். நான் மூன்று என்று குறித்தேன். அந்தத் தாளின் மூலையில் வழக்கமானதை எழுத முடியாது என்பதால் ‘சாம்பிள் இல்லை’ என்று எழுதினேன். அது ஏழாவது தாள்.

கோட்டை எழும்பியது, கூட்டம் அள்ளியது. முதலாளி ஆசை தாங்காமல் விளையாட்டின் பெயரையே பேனரில் போட்டார். அதை உருவாக்கிய கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது: கோட்டையின் வடிவம் எங்களுக்குச் சொந்தம், அகற்றுங்கள். முதலாளி அசரவில்லை. எல்லாம் எங்கள் கற்பனை, எங்கள் ஆள் வரைந்த படங்களைப் பாருங்கள் என்று என் ஏழு தாள்களையும் அனுப்பிவிட்டார். ஆறு தாள்களில் என் அழகான எழுத்தில் ‘சாம்பிள் படி’ என்று இருந்தது. பெருமைக்காக விளையாட்டின் பெயரையும் பக்கத்தில் சேர்த்திருந்தேன். திருடப் போன வீட்டில் விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது போல ஆயிற்று.

பொன்னேரியில் முதலாளியின் வக்கீலைப் பார்க்கப் போனோம். “தரையில இல்லாத கோட்டைங்க அது. இல்லாதத எப்பிடிங்க திருட முடியும்?” என்று மாப்பிள்ளை கேட்டார். திரையில் வரைந்ததைத் தரையில் கட்டினாலும் நகல் நகல்தான் என்றார் வக்கீல். “கோயில் கோபுரத்த மட்டும் ஊருக்கு ஊரு ஒரே மாரி கட்றாங்களே?” “அது பழசுங்க, எல்லாருக்கும் சொந்தம். இத வரைஞ்சவரு இன்னிக்கும் எங்கியோ உக்காந்து வரைஞ்சிட்டிருப்பாரு.” எனக்குச் சுருக்கென்றது. அத்தனை வருஷம் வரைந்து பிழைத்தவன் நான். எங்கோ ஒருவர் என்னைப் போலவே கழுத்து வலிக்க உட்கார்ந்து அந்தச் சன்னல்களை ஒவ்வொன்றாகப் போட்டிருப்பார் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

முதலாளி விடுவதாக இல்லை. வழக்கு வருஷக்கணக்கில் இழுக்கும், எல்லாம் என் சொந்தக் கற்பனை என்று மாப்பிள்ளை ஒரு கையெழுத்துப் போட்டால் அதுவரை கோட்டை நிற்கும் என்றார். மாப்பிள்ளை தன் வாழ்நாளில் செய்த பெரிய வேலை அது. அவர் பேனாவைத் தொடவில்லை. பேருந்தில் திரும்பும்போது சொன்னார்: “அந்த சன்னல் வளைவு கீதே மச்சான், அத்த போட்டவன் லேசுப்பட்ட ஆளு இல்ல. அவன் கேட்டா குட்துடணும்.” வேறு ஆட்களைத் தொடவிடாமல், இரண்டு வாரம் தானே போல்ட் போல்ட்டாகக் கழற்றினார். ஏழாவது தாளில் மட்டும் கம்பெனிக்கு உரிமை கோர எதுவும் இருக்கவில்லை. பின்சுவர் தனியாக நின்றது. அன்றுதான் தங்கையைப் படியில் உட்காரவைத்துப் படம் எடுத்தார். “இப்ப முன்னாடி ஒண்ணுமே இல்ல மச்சான்,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அதன்பின் பல வருஷம் ஐஸ்கிரீம் கடைக்கு முதுகாக நின்ற அந்தச் சுவர், பூங்கா மூடியபோது அதோடு போயிற்று. போன மாதம் தங்கையோடு ஒரு கல்யாணத்துக்காகச் சூலூர்பேட்டைக்குக் காரில் போனேன். எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் வழிவிட நேரமாகி, கொஞ்சம் தள்ளியிருந்த ஒரு புது ஓட்டலில் நிறுத்தினோம். அதன் முகப்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். ஐந்து புகைத் துளைகள், குட்டைக் கதவு, கொக்கிகள். மாப்பிள்ளையின் பின்புறத்தை யாரோ வாசலாக்கியிருந்தார்கள். குனிந்து கையால் அளந்தேன். கீழ்ப்படி மூன்று அங்குலம். கட்டியவருக்கு அது ஏன் என்று தெரிந்திருக்காது. பூங்காவுக்கு வந்த யாரோ எடுத்த படத்தைப் பார்த்திருப்பார்; அதில் இருந்தது, நூல் பிசகாமல் செய்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில், ஓட்டல்காரரைக் கூப்பிடு, இது யாருடையது என்று கேட்கிறேன், நாமும் வக்கீல் நோட்டீஸ் விடலாம் என்றேன். பேசிக்கொண்டே பழக்கத்தில் தங்கைக்குக் கையை நீட்டினேன். கை வெறுமனே நின்றது. அவள் ஏற்கெனவே மேலே போயிருந்தாள்.

“நோட்டீஸ் கீட்டீஸ்னு பேஜார் பண்ணாதண்ணா,” என்றாள். “படி செரியா கீது. வா, நாஷ்டா துன்னலாம்.”

மாப்பிள்ளை இல்லை என்பது எனக்கு அன்றுதான் முழுதாக உறைத்தது. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் அவளை நடுப்படியில் உட்காரவைத்து என் கைபேசியில் ஒரு படம் எடுத்தேன். இப்போது அது பழைய படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. சட்டம் போடுவதற்கு முன்னால், வலது மூலையில், பட்டறைத் தாள்களில் எழுதும் அதே எழுத்தில் ‘சாம்பிள் படி’ என்று எழுதிக் கொடுத்தேன்.